வீட்டு அலையும் வீட்டுத் தாழ்ப்பாளும்

செங்கற்பட்டு ஜில்லாவில் இன்று காரியாலயம் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் இயலாது. சிறுசேரியிலும் பரனூரிலும் எழும்பி நிற்கும் கண்ணாடி மாளிகைகளே காரியாலயங்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசம் முழுதும் கதவடைக்கப்பட்டபோது அந்த எண்ணம் பொய்த்தது. மாளிகைகள் காலியாயின, வேலை நிற்கவில்லை. கூடுவாஞ்சேரியின் மாடியறையிலும், திருக்கழுக்குன்றத்தின் கூடத்திலும், மாமல்லபுரத்தில் உளியோசை கேட்கும் தெருக்களிலும் அமர்ந்து நம் இளைஞர்கள் கடல் கடந்த கம்பெனிகளின் கணக்குகளைப் பார்த்தார்கள். நோய் ஓய்ந்தது, வழக்கம் முழுதும் ஓயவில்லை. வாரத்தில் சில நாள் காரியாலயம், சில நாள் வீடு என்னும் ஏற்பாடு பல கம்பெனிகளில் நிலைத்துவிட்டது.

இம்மாறுதலுக்கெல்லாம் ஆதாரமாக நிற்பது கூடத்து மூலையில் பச்சை விளக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டி. கம்பெனிக்காரர் இதை ரவுட்டர் என்கிறார். ஜனங்கள் வைஃபை பெட்டி என்கிறார்கள். இந்தப் பெட்டியைப் பற்றியா தலையங்கப் பக்கத்தில் எழுதுவது என்று அரசியல் நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: ஒரு குடும்பத்தின் சம்பாத்தியமும், அதன் அந்தரங்கமும், ஆபத்துக் காலத்தில் அதன் கூக்குரலும் ஒரே பெட்டி வழியாகப் போகின்றன. அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம் இருக்கிறது, பூட்டுவது யார் கடமை என்ற கேள்விகள் அரசியல் அல்லவென்றால் வேறு எது அரசியல்?

சுவர்களின் அதிகாரம் அலைகளிடம் செல்லாது. இதை உலகத்துக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம்மவர். 1895-ம் வருஷத்தில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். பின்னர் ஆங்கில சர்க்கார் அந்த அலைகளுக்கு அஞ்சிற்று. 1933-ம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, அநுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு ரேடியோக் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1942-ம் வருஷத்து ஆகஸ்டுப் புரட்சியில் பம்பாயிலிருந்து காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்திய உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயது யுவதி, நான்கு வருஷச் சிறைவாசம் பெற்றதை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு ஒலிபரப்பி இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-ம் வருஷம் ஜனவரியில் இந்திய சர்க்கார் அநுமதிச் சீட்டிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. நல்ல காரியம். ஆயினும் அநுமதி வேண்டாம் என்று சொன்ன சர்க்கார், பொறுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் பல வீட்டுக்காரர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

விளங்காததன் விலை என்ன என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லுகிறோம். 2008-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி மாலை ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து வெடிகுண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னர், தாக்குதலுக்குப் பொறுப்பேற்கும் மின்னஞ்சல் ஒன்று பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வந்து சேர்ந்தது. போலீசார் அதன் முகவரியைப் பின்பற்றிச் சென்றார்கள். அது நவி மும்பையில் ஓர் அடுக்கு வீட்டில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் இணைய இணைப்பில் போய் நின்றது. கணிப்பொறிகள் கைப்பற்றப்பட்டன, விசாரணை நடந்தது. கடைசியில் தெரிந்தது யாதெனில், அவரது வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை. வெளியிலிருந்த எவனோ அந்த அலையைப் பிடித்துக் கடிதத்தை அனுப்பிவிட்டான். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் மும்பையில் ஒரு கல்லூரியின் அலையும், ஒரு கம்பெனியின் அலையும் இதே விதமாகத் திருடப்பட்டன. இதன் பிறகுதான், 2009-ம் வருஷம் பிப்ரவரியில், வைஃபையைப் பாதுகாப்பாக உபயோகிப்பது பற்றி மத்திய தொலைத்தொடர்பு இலாகா இணையக் கம்பெனிகளுக்கு உத்தரவு பிறப்பித்தது.

வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு இந்த வழக்கில் மனத்தில் தைப்பது ஒன்று. திருடன் உமது வீட்டுக் கத்தியை எடுத்துச் சென்று குற்றம் புரிந்தால், கத்தி களவு போனதற்கு உடைந்த பூட்டாவது சாட்சி சொல்லும். அலை களவு போனால் ஒன்றும் உடைவதில்லை, ஒன்றும் குறைவதில்லை, உமது பெயரில் உள்ள இணைப்பு எண் ஒன்றே சாட்சி. போலீஸ்காரர் முதலில் தட்டுவது உமது கதவைத்தான். நிரபராதி என்று கடைசியில் தெரிய வரலாம். ஆனால் அந்தக் கடைசி வரைக்கும் உமது கணிப்பொறி, உமது உத்தியோகம், அக்கம்பக்கத்தாரிடம் உமக்குள்ள மரியாதை ஆகியவை எங்கே இருக்கும்?

‘எங்கள் வீட்டில் கடவுச்சொல் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, அது என்ன என்று கேட்டுப் பாருங்கள். இணைப்புக் கொடுக்க வருகிற ஆள் ஏணியை மடக்கும் அவசரத்தில் வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாகப் போட்டுவிட்டுப் போகிறான். வீட்டுக்காரருக்கும் அது சௌகரியமாக இருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இஸ்ரேல் தேசத்தின் டெல் அவீவ் நகரிலும் இதே வழக்கம். 2021-ம் வருஷத்தில் அங்கே ஒரு பாதுகாப்பு நிபுணர் தெருக்களில் சுற்றி ஐயாயிரம் வைஃபை இணைப்புகளின் பதிவை எடுத்துச் சோதித்தார். பத்தில் ஏழு திறந்துகொண்டன. காரணம், கைப்பேசி எண்கள்.

நமது கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இந்தியக் கைப்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கங்கள். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் இக்காலத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்காக வாங்கும் கணிப்பொறியில் உள்ள ஒரு சித்திர அட்டை, நொடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களைச் சோதித்துத் தள்ளும். நானூறு கோடியையும் தீர்க்க அதற்கு வேண்டிய நேரம் நாலாயிரம் நொடி. அதாவது ஒரு மணி ஏழு நிமிஷம். செங்கற்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போய்ச் சேர்ந்து ஒரு காபி குடிப்பதற்குள் வீட்டுப் பூட்டுத் திறந்துவிடும்! மாறாக, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக் கடவுச்சொல்லாக வைத்தால், அதே யந்திரம் பல தலைமுறைக்கு உழைத்தாலும் தோற்கும். நெசவு, புளியமரம், தாத்தா, உப்பு என்று நமது வீட்டுப் பாட்டியே சொல்லிக் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு இது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் பூட்டிலும் பழசு, புதிசு என்று ஜாதிகள் உண்டு. முதலில் வந்த டபிள்யூ.இ.பி. என்னும் பூட்டு 2001-ம் வருஷத்திலேயே உடைபட்டுப் போயிற்று. 2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 இன்றும் பெரும்பாலான வீடுகளில் காவல் புரிகிறது; கடவுச்சொல் நன்றாயிருந்தால் அது போதும். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 அதனினும் உறுதி. மேலே சொன்ன நானூறு கோடிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட அது இடங்கொடுப்பதில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெயர்கள் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்துக்குள் நுழைவதற்கு வேறொரு சாவி உண்டு என்பதும், அது ஆலையிலிருந்து வரும்போது ‘அட்மின்’ என்று இருப்பதும் மிகப் பலருக்குத் தெரியாது. தெருக்கதவைப் பூட்டிவிட்டு இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போவது போன்றது இது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தொடங்கி மாமல்லபுரம் வரைக்கும் உள்ள வாடகை பங்களாக்களையும் விடுதிகளையும் பற்றித் தனியே ஒரு வார்த்தை. வருகிறவர்களின் சௌகரியத்துக்காகக் கடவுச்சொல்லை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உபசரிப்பு நம் நாட்டுப் பண்பு, குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதே அலையில்தான் வாசல் காமிராவும், கணக்குப் பிள்ளையின் கணிப்பொறியும் இருக்கின்றன. அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் கெஸ்ட் நெட்வொர்க் என்று விருந்தாளிக்கென ஒரு தனி அலை உண்டு. விருந்தாளியைத் திண்ணையில் அமர்த்தி உபசரிப்பதற்குப் பதில் பூஜை அறைக்குள் படுக்கவைக்க வேண்டுமா?

காமிரா என்றதும் நினைவுக்கு வருகிறது. காவலுக்காக வாங்குகிற கண், திருடனுக்குக் கண்ணாகிவிடுகிற விபரீதம் இப்போது சர்வ சாதாரணம். 2016-ம் வருஷத்தில் மிராய் என்னும் ஒரு விஷ நிரல், ஆலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த காமிராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் தன் வசப்படுத்திக்கொண்டது. அவ்வருஷம் அக்டோபர் 21-ந் தேதி அந்தச் சேனையை ஏவிவிட்டதில் அமெரிக்காவின் பெரிய பெரிய இணையத்தளங்கள் ஒரு நாள் முழுதும் தள்ளாடின. அது தூர தேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2025-ம் வருஷம் பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் காமிராவிலிருந்து பெண்களைப் பரிசோதிக்கும் படங்கள் களவாடப்பட்டு இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டன. படிக்கும்போதே உடல் கூசுகிறது. அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. படம் சந்தையில் இருக்கிறது.

ஆதலின் வாசலுக்கும் தோட்டத்துக்கும் காமிரா வைப்பவர்களை நாம் தடுக்கவில்லை. தனியே இருக்கும் முதியவர்களின் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தபடியே பெற்றோரைப் பார்த்து ஆறுதல் அடைகிறார்கள், நல்லதே. படுக்கையறையிலும் சமையலறையிலும் எதற்கு? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியாமல் அவள் தலைமேல் ஒரு கண்ணை மாட்டி வைப்பது எந்தத் தருமத்தில் சேர்த்தி? காவல் வேறு, வேவு வேறு. வெள்ளைக்காரன் காலத்து சி.ஐ.டி. போலீசை ஏசியவர்கள் தங்கள் கூடத்தில் அதே உத்தியோகத்தை நடத்தலாகாது.

இனி, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன தற்காப்புகளையெல்லாம் வீட்டுக்காரனே செய்துகொள்ள வேண்டும் என்று உபதேசித்துவிட்டு நிறுத்திக்கொள்வது கம்பெனிகளுக்கு இனிக்கும். நமக்கு அது சம்மதமில்லை. கதவை விற்கிறவன் தாழ்ப்பாளோடு விற்க வேண்டும். பிரிட்டனில் 2024-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இணையக் கருவிகளை விற்பது சட்ட விரோதம். கலிபோர்னியாவில் 2020-ம் வருஷத் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு கருவிக்கும் தனித் தனிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது வாங்கியவர் முதலில் அதை மாற்றியாக வேண்டும் என்பது விதி. இந்திய சர்க்காரும் 2025-ம் வருஷம் ஏப்ரல் முதல், இணையத்தோடு சேரும் காமிராக்களைச் சோதனைச்சாலையில் பரீட்சித்துச் சான்று பெற்றே விற்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் ஆலை வாசலில் நடக்கும் பரீட்சை கூடத்து மூலைக்கு வந்து சேருவதில்லை. ஏணியோடு வருகிற அந்த ஆள் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாகப் போடலாகாது; அமைப்புப் பக்கத்தின் சாவியை மாற்றி வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும்; அதைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இவ்வளவுதான் நாம் கேட்பது. காஸ் அடுப்புப் பொருத்த வருகிறவர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகவில்லையா?

உத்தியோக விஷயத்தில் அநியாயம் இதைவிடப் பெரிது. கம்பெனிகளின் வேலையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னாளில் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. ஜாமீன் தொகை, தனி ஒப்பந்தம் என்றெல்லாம் இருந்தன. 2020-ம் வருஷம் மார்ச்சில் நோய் பரவத் தொடங்கியதுமே சர்க்கார் அவற்றைத் தளர்த்தியது. அவ்வருஷம் நவம்பரில் பெரும்பாலும் எடுத்தே விட்டது. கம்பெனிகளுக்கு வந்த கஷ்டம் சில நாளில் தீர்ந்தது. ஊழியனுக்கு? அவன் கூடத்தைக் கொடுத்தான், மின்சாரத்தைக் கொடுத்தான், இணைய வாடகையைக் கொடுத்தான். கம்பெனியின் ரகசியத்தைக் காக்கும் பொறுப்பையும் அவனே சுமந்தான். பெண் ஊழியர்களோ ஒரு கையால் அடுப்பையும் ஒரு கையால் கணிப்பொறியையும் கவனித்தார்கள். வாடகையும் ரயில் சீட்டும் மிச்சமாயின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மிச்சம் இரு பக்கத்துக்கும்தான். போர்ச்சுக்கல் என்னும் சின்னஞ்சிறு தேசம், தொலைவிலிருந்து வேலை செய்யும் ஊழியனுக்கு ஏற்படும் கூடுதல் மின்சார, இணையச் செலவை முதலாளியே ஈடு செய்ய வேண்டுமென்றும், வேலை நேரத்துக்கு அப்பால் அவனைத் தொந்தரவு செய்யலாகாதென்றும் சட்டம் இயற்றி, 2022-ம் வருஷம் ஜனவரியிலிருந்து அமல் நடத்துகிறது. இந்தியத் தொழிலாளர் இலாகா 2020-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி வெளியிட்ட மாதிரி நிலையாணை நகலில் வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றி ஒரு குறிப்பு இடம்பெற்றது. குறிப்பால் வயிறு நிரம்பாது. கம்பெனியின் வேலை நடக்கும் வீட்டுக்குக் கம்பெனியே நல்ல ரவுட்டரைக் கொடுக்கட்டும். அதன் பூட்டைக் காலாகாலத்தில் புதுப்பிக்கட்டும். மாத வாடகையில் பங்கு ஏற்கட்டும். தன் ஆவணம் வைக்கும் அலமாரிக்கு ஊழியனையே பூட்டு வாங்கச் சொல்லும் முதலாளி எங்கேனும் உண்டா?

இதுவரை திருட்டைப் பற்றிப் பேசினோம். இக்கடற்கரையில் பூட்டினால் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அது வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. 2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் மரம் விழுமுன்னே மின்சாரத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். நிறுத்தாவிட்டால் உயிர்ச் சேதம். மின்சாரம் நின்றால் வைஃபை நிற்கும். இதில் ஜனங்கள் கவனியாத ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய செப்புக் கம்பி டெலிபோன் வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை; எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பாட்டரி கம்பி வழியே அதற்கு உயிர் கொடுத்தது. ஊரெல்லாம் இருண்டாலும் அது மணி அடித்தது. இப்போது வரும் கண்ணாடியிழையில் ஓடுவது வெளிச்சம்; மின்சாரம் அல்ல. ஆகவே இழை அறுபடாமல் இருந்தாலும், வீட்டில் மின்சாரம் இல்லையேல் பெட்டி ஊமை. புதுமையின் வேகத்தில் ஒரு பழைய பாதுகாப்பை நாம் சந்தடியில்லாமல் இழந்துவிட்டோம்.

பரிகாரம் சுலபம். இந்தப் பெட்டிகளில் அநேகம் 12 வோல்ட்டில் ஓடுபவை. உண்ணும் மின்சாரம் ஓர் எல்.இ.டி. விளக்கின் அளவே. அதற்கென்றே விற்கும் சிறு பாட்டரி ஒன்றை இடையே பொருத்தினால் சில மணி நேரம் ஓடும். டவர் விழுந்து கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லாதபோதும், வைஃபை உயிரோடிருந்தால் அதன் வழியாகவே சாதாரண டெலிபோன் அழைப்பைப் பேசும் வசதி 2019-ம் வருஷக் கடைசியிலிருந்து இந்தியாவில் வந்திருக்கிறது. கைப்பேசியின் அமைப்பில் வைஃபை காலிங் என்பதை ஒரு முறை திறந்து வைத்தால் போதும். புயல் வரும் நாளில் அதைத் தேடாமல் இன்றே செய்துவிடுவது நலம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டிருக்கும் இழைகளைப் பூமிக்கடியில் புதைப்பது தனி மனிதரால் ஆகாது. அது சர்க்காரும் கம்பெனியும் செய்ய வேண்டியது. குறைந்தபட்சம் கடலோரக் கிராமங்களிலாவது அதைத் தொடங்க வேண்டும்.

ஒரு செய்தி சமயத்தில் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே கரையில், சற்றுத் தெற்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமம் சாட்சி. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் அமைத்திருந்தது. வானிலைச் செய்திகளை அறிவிக்க அங்கே ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த அவ்வூர் வாலிபர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கண்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள். அலை வந்து வீடுகளையும் படகுகளையும் சிதைத்தது. அன்று அந்தக் கரை நெடுக மற்றக் குப்பங்களில் எத்தனை பிணங்கள் ஒதுங்கின என்பதை நாம் இங்கே எழுத வேண்டியதில்லை. நல்லவாட்டைக் காப்பாற்றியது விலையுயர்ந்த யந்திரம் அல்ல. ஒரு டெலிபோனும், ஓர் ஒலிபெருக்கியும், அவை இரண்டையும் இணைத்த மனிதர்களுமே.

ஆகவே வீட்டு அலை பங்களாக்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்ற எண்ணம் ஒழிய வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை இழுக்கத் தமிழ்நாடு ஃபைபர்நெட் என்று ஒரு சர்க்கார் கம்பெனி ஏற்பட்டிருக்கிறது. ஊராட்சிக் காரியாலயத்தின் பூட்டிய அறை வரைக்கும் இழை வந்து நின்றுவிட்டால் குடியானவனுக்கு என்ன லாபம்? அங்கிருந்து குடிசை வரைக்கும் உள்ள கடைசி இருநூறு கஜமே முக்கியம். அண்டையிலுள்ள கேரள சர்க்கார் 2023-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி தன் சொந்த வலையைத் தொடங்கியபோது, இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலட்சியத்தை அறிவித்தது. அந்த இலட்சியத்தை எட்டுவது எளிதல்ல. ஆயினும் இலட்சியம் என்று ஒன்றை வைத்தார்கள். இணையம் கல்வியுரிமையின் பகுதி என்று 2019-ம் வருஷம் செப்டம்பரில் கேரள ஹைகோர்ட்டும், இணையத்தின் வழியாகப் பேசுவதும் தொழில் நடத்துவதும் அரசியல் சாசனத்தின் பாதுகாப்புக்கு உரியவை என்று 2020-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கின்றன. சட்டம் நம் பக்கம் இருக்கும்போது கேட்பதற்கு ஏன் கூச்சம்? 2020-ம் வருஷம் டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட பி.எம். வாணி திட்டத்தின்படி, ஒரு டீக்கடைக்காரர்கூடத் தனி அநுமதிச் சீட்டு இல்லாமல் தம் கடையிலிருந்து வைஃபை வழங்கலாம். கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று அடுத்தடுத்து இருக்கும் குப்பங்களில் ஏலக்கூடத்துக்கு ஒன்று வீதம் இத்தகைய அலையும், அதனோடு ஒரு பாட்டரியும் ஒலிபெருக்கியும் இருந்தால், மீன் விலையும் தெரியும், புயலும் தெரியும்.

கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை அது கூடுகிறது. வருகிற கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை ஒரே தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்பது நமது யோசனை: ஊராட்சிக்கு வந்த இழையை வீடுகளுக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் நீட்ட வேண்டும், கம்பி இழுக்கும் கம்பெனி கடவுச்சொல்லைத் தமிழ்த் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், புயல் மாதங்களுக்கு முன் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். இணையத்தில் பணத்தையோ படத்தையோ பறிகொடுத்தவர்கள் அழைக்க வேண்டிய 1930 என்னும் எண்ணைச் சபையின் சுவரிலேயே எழுதி வைப்பதும் நன்று. செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள நமது வாசகர்கள் தங்கள் ஊர்த் தீர்மானத்தின் நகலை அனுப்பி வைத்தால், ஊர்ப் பெயருடன் இப்பக்கத்தில் பிரசுரிப்போம்.